வேலை நேரத்திலேயே பத்து நிமிடம்

மலேசியத் தொழிலாளர்களின் உடற்பயிற்சி, வேலையிட நலம் குறித்து முதலாளிகளும் பணியாளர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் எங்கள் தொழில்நலக் குழு பதில் தருகிறது. ஒரே விஷயத்தைக் கேட்டவர்களின் கடிதங்களைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

செந்தூலில் 22 பேர் வேலை செய்யும் கணக்காய்வு அலுவலகம் எங்களுடையது. ஒரு மாதம் ‘தினம் 10,000 காலடி’ போட்டி வைத்தோம், முதல் பரிசு 500 வெள்ளி (ரிங்கிட்). தித்திவங்சா ஏரியில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த நான்கு பேரே எல்லாப் பரிசையும் வாங்கிக்கொண்டார்கள். மற்றவர்கள் இரண்டாம் வாரமே விட்டுவிட்டார்கள். எங்கே தவறு?

பரிசில்தான் தவறு. போட்டி என்றதும் ஓடுகிறவர்தான் முன்னால் வருவார். முட்டிவலிக்காரரும், ஆறு மணிக்குப் பிள்ளையை டியூஷனிலிருந்து அழைத்துவர வேண்டியவரும் முதல் நாளே ஒதுங்கிவிடுவார்கள். யாருக்கு நடை அதிகம் தேவையோ அவர்களையே போட்டி வெளியே தள்ளுகிறது. அமெரிக்காவில் இலினாய் பல்கலைக்கழகம் 4,834 ஊழியர்களை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தது. குலுக்கல் முறையில் ஒரு பகுதியினருக்கு மட்டும் பரிசுப் பணத்தோடு உடல்நலத் திட்டம் தரப்பட்டது. முதல் ஆண்டு முடிவில் மருத்துவச் செலவிலும் சரி, ஜிம்முக்குப் போகும் பழக்கத்திலும் சரி, குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. திட்டத்தில் விரும்பிச் சேர்ந்தவர்கள் முன்பிருந்தே ஆரோக்கியமாக இருந்தவர்கள். உங்கள் அலுவலகத்தில் நடந்ததும் இதுதான்.

10,000 என்ற எண்ணையும் விட்டுவிடுங்கள். 1960-களில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த காலடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவிய எண் அது. மருத்துவ ஆய்வின் முடிவாக வந்த எண் அல்ல. ஒரு நாளைக்கு 3,000 காலடி நடப்பவர் 5,000-க்கு வந்தாலே பலன் தெரியும். உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டியில் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பும், வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. மிதம் என்றால், நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது.

இனி செய்ய வேண்டியது. காலை 10.30-க்குப் பத்து நிமிடம், மாலை 3.30-க்குப் பத்து நிமிடம், இரண்டும் சம்பள நேரத்திலேயே. ஐந்து நாளில் 100 நிமிடம் சேர்ந்துவிடும். மீதி 50 நிமிடத்தை எல்.ஆர்.டி. ரயில் நிலையத்துக்கு நடப்பதிலும் வார இறுதியிலும் ஈடுகட்டிக்கொள்ளலாம். செலவைப் பயந்து தள்ளிப்போடாதீர்கள்: மாதச் சம்பளம் 2,500 வெள்ளி என்றால், 26 நாளால் வகுத்து, எட்டு மணி நேரத்தால் வகுத்தால், பத்து நிமிடத்தின் விலை ஏறத்தாழ 2 வெள்ளி. 22 பேருக்கு ஒரு முறைக்கு 44 வெள்ளி.

திட்டம் கவிழ்வது பெரும்பாலும் ஓர் இடத்தில்தான். பத்தரை மணிக்கு மேனேஜர் கணினியை விட்டு எழாமல் இருந்தால், கீழே இருப்பவர் எவரும் எழமாட்டார். ‘விருப்பமுள்ளவர்கள் போகலாம்’ என்ற அறிவிப்புக்கும் அதே கதிதான். ஆகவே முதல் ஆறு வாரம் மேனேஜர்தான் முதலில் எழ வேண்டும். அந்த நேரத்தில் கூட்டம் வைக்கக்கூடாது, தொலைபேசிக்கு மட்டும் முறைவைத்து ஒருவர் இருக்கட்டும். பாதையை முன்கூட்டியே நடந்து பார்த்துக் குறித்துவையுங்கள். வெயிலுக்கும் மாலை மழைக்கும் இன்னொரு பாதை, கட்டடத்துக்குள்ளேயே, தயாராக வேண்டும். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் வெளியே போகாதீர்கள்.

இடைப்பட்ட நேரத்தில், அரை மணிக்கு ஒருமுறை இரண்டு மூன்று நிமிடம் எழுந்து நடக்கச் சொல்லுங்கள். 2012-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், உடல் பருமன் உள்ளவர்கள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டே நிமிடம் மெதுவாக நடந்ததற்கே, சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை குறைந்தது. பிரிண்டரையும் குப்பைக்கூடையையும் தண்ணீர்க் குவளையையும் மேசையருகிலிருந்து அறையின் மறுகோடிக்கு நகர்த்துங்கள். இதற்குக் காசே வேண்டாம்.

பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலையில் லைன் லீடர். என் பெண்கள் பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் மைக்ராஸ்கோப் முன் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாருக்கும் கழுத்து வலி. ‘பிரேக்கில் உடற்பயிற்சி செய்யுங்கள்’ என்று மேலிடம் போஸ்டர் ஒட்டியிருக்கிறது. யாரும் செய்வதில்லை.

செய்ய நேரம் எங்கே இருக்கிறது? கிளீன்ரூம் எனப்படும் தூசி புகாத வேலைக்கூடத்தில் பதினைந்து நிமிட இடைவேளை என்பது காகிதத்தில்தான் பதினைந்து. கையுறை, பூட், முழு அங்கி, தலையுறை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்ட வேண்டும், கழிவறை வரிசை, ஒரு மிடறு தண்ணீர், மறுபடி தலையுறையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் போட்டு, காற்றடித்துத் தூசி நீக்கும் ஏர் ஷவர் வழியாக உள்ளே. கையில் மிஞ்சுவது நான்கைந்து நிமிடம். இந்த அலைச்சலுக்குப் பயந்தே பல பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார்கள். சிறுநீர்த் தொற்றும் தலைவலியும் அதனால்தான் கூட வருகின்றன. மேலிடத்தில் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது, இடைவேளையின் கடிகாரம் உடை மாற்றும் அறைக்கு வெளியே தொடங்கட்டும் என்பது. போஸ்டரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சட்டத்தையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 1955 வேலைச் சட்டத்தின்படி தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் குறைந்தது 30 நிமிட ஓய்வு தர வேண்டும். இடைவிடாமல் நடத்த வேண்டிய வேலையில் எட்டு மணி நேரம் வரை தொடரலாம். அதற்குள் மொத்தம் 45 நிமிடத்துக்குக் குறையாத ஓய்வும், சாப்பிட வாய்ப்பும் இருக்க வேண்டும்.

இனி அங்கியைக் கழற்றாமலே உள்ளே செய்யக்கூடியது. மணிக்கு ஒருமுறை மூன்று நிமிடம். உட்கார்ந்தபடி முகவாயை நேராகப் பின்னால் இழுத்து ஐந்து எண்ணும்வரை வைத்திருந்து விடவேண்டும், ஐந்து முறை. தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் முதுகுப் பக்கம் நெருக்கிப் பிடித்து விடுவது, எட்டு முறை. நாற்காலியில் கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, பத்து முறை. எல்லாமே மெதுவாக. கையை வீசி வேகமாக ஆட்டினால் உடையிலிருந்து துகள் பறக்கும், தர ஆய்வாளர் அன்றே நிறுத்திவிடுவார். அவர் நிறுத்துவதும் நியாயம்தான். குதிகாலை உயர்த்தும் பயிற்சியைப் பொருள் இருக்கும் மேசையருகில் செய்யவே கூடாது. நிலைமின்சாரத்தைத் தரைக்குக் கடத்தும் பட்டை குதிகாலில்தான் இருக்கிறது. இரண்டு குதிகாலும் எழும்பினால் அந்தத் தொடர்பு அறுந்துவிடும். நடைபாதைக்கு வந்து, எந்தப் பொருளையும் தொடாமல், பதினைந்து முறை செய்யட்டும்.

ஆனால் கழுத்து வலி பயிற்சியால் மட்டும் தீராது. மைக்ராஸ்கோப்பில் கண் வைத்துப் பார்க்கும் பகுதி எல்லாருக்கும் ஒரே உயரத்தில் இருந்தால், குட்டையானவர் கழுத்தை நீட்டுவார், நெட்டையானவர் குனிவார். ஷிப்ட் மாறும்போது நாற்காலியைச் சரிசெய்ய இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள்: முதலில் நாற்காலி உயரம், பிறகு கால்பலகை, பிறகு கருவியை மேசை விளிம்புக்கு இழுப்பது, கடைசியில் முன்கைக்குத் தாங்கல். வரிசையை மாற்றினால் மறுபடி முதலிலிருந்து வர வேண்டியிருக்கும். அடுத்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். மைக்ராஸ்கோப்பிலிருந்து எடுத்து இன்னொரு மைக்ராஸ்கோப்பில் உட்கார வைப்பதில் பயனில்லை; டிரே ஏற்றுவது, லேபிள் ஒட்டுவது போல நின்று செய்யும் வேலைக்கு அனுப்ப வேண்டும். தொழிலிடப் பாதுகாப்பு சுகாதாரத் துறை 2017-இல் வெளியிட்ட பணிச்சூழலியல் இடர் மதிப்பீட்டு வழிகாட்டியில் இதற்கான சரிபார்ப்புப் பட்டியல் இருக்கிறது. உங்கள் பாதுகாப்புக் குழுவிடம் அதை நிரப்பச் சொல்லிக் கேளுங்கள். 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அப்படி ஒரு குழு இருந்தாக வேண்டும்.

எங்களுடையது பாதுகாவலர், துப்புரவுப் பணியாளர் ஒப்பந்த நிறுவனம், பிரிக்பீல்ட்ஸ். எங்கள் ஆட்கள் நாள் முழுக்க நிற்கிறார்கள், நடக்கிறார்கள், தூக்குகிறார்கள். அவர்களுக்கு எதற்குத் தனியாக உடற்பயிற்சி?

பல முதலாளிகள் இப்படித்தான் நினைக்கிறார்கள். அதனால் இழப்பு இந்தத் தொழிலாளர்களுக்குத்தான். ஓய்வு நேரத்தில் நாமாகச் செய்யும் பயிற்சி இதயத்துக்கு நல்லது. வேலையில் பல மணி நேரம் கட்டாயமாகச் செய்யும் கடும் உழைப்பு அதே நன்மையைத் தருவதில்லை, பல ஆய்வுகளில் கெடுதலோடுகூடச் சேர்ந்து வருகிறது. காரணம் விளங்கக்கூடியதே. பயிற்சியில் மூச்சு வாங்கும் அளவுக்கு உழைத்துவிட்டு ஓய்வெடுக்கிறோம். வேலையிலோ குறைந்த வேகத்தில், ஒரே தசையை, ஓய்வே இல்லாமல் மணிக்கணக்கில் வருத்துகிறோம். இரத்த அழுத்தம் ஏறியபடியே இருக்கிறது, இதயத்துக்கு வலுவும் சேர்வதில்லை.

ஆகவே உங்கள் ஆட்களுக்கு முதல் தேவை ஓய்வு. இன்னும் நடக்கச் சொல்வது அப்புறம். வாயில் காவலருக்கு உயரமான ஸ்டூல் கொடுங்கள், பாதி உட்கார்ந்து பாதி நின்றபடி பார்க்கும் வகை. ‘உட்கார்ந்தால் தூங்கிவிடுவார்’ என்று வாடிக்கையாளர் சொன்னால், பன்னிரண்டு மணி நேரம் நிற்பவர்தான் விடியற்காலையில் சோர்ந்து கவனம் சிதறுவார் என்று எடுத்துச் சொல்லுங்கள். சிமெண்டுத் தரையில் நிற்கும் இடத்துக்கு ரப்பர் விரிப்பு. ஒரு காலை மாற்றி மாற்றி வைக்க 15 சென்டிமீட்டர் உயரக் கட்டை. நிற்பதும் ரோந்தும் மணிக்கு ஒருமுறை மாறி வரட்டும். அசையாமல் நிற்பதில்தான் காலில் இரத்தம் தேங்கி, நரம்பு சுருண்டுகொள்கிறது.

துப்புரவுப் பணியாளருக்கு மாப்பின் கைப்பிடி அவரவர் முகவாய் உயரத்துக்கு வர வேண்டும். குட்டையான கைப்பிடியைத் தந்துவிட்டு இடுப்புவலிக்கு எம்.சி. (மருத்துவ விடுப்பு) எடுக்கிறார் என்று குறைப்படக்கூடாது. வாளிக்குச் சக்கரம், பிழிவதற்கு மிதி அல்லது நெம்புகோல். பெரிய குப்பைப் பையை முக்கால்வாசி நிரம்பும்வரை விடாமல் பாதியிலேயே கட்டச் சொல்லுங்கள். பை அதிகம் செலவாகும், முதுகு மிஞ்சும்.

வெயிலில் வேலை செய்பவருக்கு 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு குவளைத் தண்ணீர், சுமார் 250 மில்லி, தாகம் எடுக்கும்வரை காத்திராமல். புதிதாகச் சேர்ந்தவரை முதல் நாள் வெயிலில் முழு நேரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் விடாதீர்கள். நாளுக்கு ஒரு பங்காகக் கூட்டுங்கள். வெப்பத் தாக்குதல் அதிகமும் புதியவரைத்தான், அதுவும் முதல் சில நாளில்தான் வீழ்த்துகிறது. நீண்ட விடுப்பிலிருந்து திரும்பியவருக்கும் இதே எச்சரிக்கை வேண்டும், இரண்டு மூன்று நாளிலாவது படிப்படியாகக் கூட்டுங்கள்.

இதெல்லாம் சரியான பிறகு, வாரம் இரண்டு முறை பத்து நிமிட வலுப்பயிற்சியை ஷிப்ட் தொடக்கத்தில் வையுங்கள்: சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, நாற்காலியிலிருந்து எழுவது, ஒற்றைக்காலில் நிற்பது.

கடைசியாக ஒன்று. 2024 ஜூன் 1 முதல், திருத்தப்பட்ட தொழிலிடப் பாதுகாப்பு சுகாதாரச் சட்டப்படி, ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், தனியாகப் பாதுகாப்பு அதிகாரி வைக்கும் கட்டாயம் இல்லாவிட்டால், பணியாளர் ஒருவரைப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராக நியமிக்க வேண்டும். அவரை வெறும் பெயருக்கு நியமித்து விடாமல் இந்த வேலையை அவரிடம் கொடுங்கள்.

பிறையில் தொழிற்சாலை சூப்பர்வைசர். என் பிரிவில் இன்சுலின் போடும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். மதிய நடையில் சேர்ந்த இரண்டாம் நாள் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். இனி அவரைச் சேர்க்கலாமா?

சேர்க்கலாம், சேர்க்கத்தான் வேண்டும். 2019 தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. மூன்று பெரிய இனங்களில் நம் இந்தியர்களிடையேதான் அந்த விகிதம் மிக அதிகம். இவர்களை ஒதுக்கிவிட்டு நடத்தும் திட்டத்தால் நமக்கு என்ன பயன்? மறுபடி நடக்கத் தொடங்கும் முன், நடந்ததை மருத்துவரிடம் சொல்லி மருந்தின் அளவைச் சரிபார்த்து வரட்டும்.

தலைசுற்றலுக்குப் பெரும்பாலும் காரணம் தாழ் சர்க்கரை. மதியம் சாப்பிடும் முன்பா நடந்தார்? லைன் நிற்காததால் சாப்பாடு தள்ளிப்போயிற்றா? காலையில் இன்சுலினைப் போட்டுவிட்டு வெறும் தே ஓ (பால் சேர்க்காத தேநீர்) மட்டும் குடித்துவிட்டு வந்தாரா? இந்த மூன்றையும் கேளுங்கள். இரண்டாவது உங்கள் கையில் இருக்கிறது: இன்சுலின் போடுகிறவருக்கும், கிளிக்லாசைட் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவருக்கும் சாப்பாட்டு நேரம் நகரக்கூடாது. ஓவர்டைம் நாளிலும் நகரக்கூடாது. மெட்ஃபோர்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு.

நடை சாப்பாட்டுக்குப் பிறகு இருக்கட்டும், பத்துப் பதினைந்து நிமிடம். புறப்படும் முன் விரல் நுனியில் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சர்க்கரை அளவு (லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில்) 5-க்குக் கீழே இருந்தால் ஒரு சிறு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டு நடக்கலாம். 4-க்குக் கீழே இருந்தால் நடை வேண்டாம். மூன்று தேக்கரண்டி சீனியை அரைக் குவளைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். இன்னும் ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ரொட்டி சானாயோ சாக்லெட்டோ அந்த நேரத்தில் உதவாது, கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 999-ஐ அழையுங்கள். அளவு 14-ஐத் தாண்டி, தாகமும் அசதியுமாக இருந்தால் அன்றும் நடை வேண்டாம். நடக்கப் போகும் நாளில் ஊசியைத் தொடையில் போடாமல் வயிற்றில் போடுவது நல்லது, வேலை செய்யும் தசையிலிருந்து மருந்து சீக்கிரம் ஏறிவிடும்.

செருப்பையும் கவனியுங்கள். நிறுவனம் தரும் பாதுகாப்புக் காலணி இரும்பு மூக்கோடு இறுக்கமாக இருந்தால், உணர்வு மங்கிய பாதத்தில் கொப்புளம் வந்ததே தெரியாது. கால் வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் அளவெடுக்கச் சொல்லுங்கள். நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். போடும் முன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்ப்பது பழக்கமாகட்டும்.

40 வயதை எட்டிய சந்தாதாரர்களுக்குச் சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் இலவசச் சுகாதாரப் பரிசோதனைத் திட்டம் வைத்திருக்கிறது. உங்கள் பிரிவில் யார் யாருக்குத் தகுதி என்று மனிதவளப் பிரிவைக் கேட்டு, போய்வர அரை நாள் கொடுங்கள்.

எங்கள் எச்.ஆர். ‘எடை குறைப்புப் போட்டி’ நடத்துகிறது. எல்லாருடைய எடையும் கேன்டீன் பலகையில் ஒட்டியிருக்கிறது. எனக்கு அவமானமாக இருக்கிறது. மறுக்கலாமா? (ஜார்ஜ்டவுன்)

மறுக்கலாம். 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஒருவரின் உடல்நிலை பற்றிய விவரம் நுட்பமான தரவு. அதைக் கையாள வெளிப்படையான சம்மதம் வேண்டும். பலகையில் ஒட்டுவதற்கு நீங்கள் சம்மதம் தந்ததாகத் தெரியவில்லை. அதை எடுத்துவிடும்படி எழுத்தில் கேளுங்கள்.

எச்.ஆருக்கும் ஒரு வார்த்தை: அவசரமாக எடை குறைப்பவர் பட்டினி கிடந்து குறைப்பார், பரிசு வாங்கிய மறுமாதமே ஏற்றிக்கொள்வார். கேன்டீனில் மலாயில் ‘சுக்கு சுக்கு செப்பாரு’ (கால், கால், அரை) எனப்படும் தட்டை நடைமுறைப்படுத்துங்கள்: கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது பருப்பு, பாதி காய்கறியும் பழமும். சுகாதார அமைச்சின் கோஸ்பென் எனும் சமூக நலத் திட்டங்களில் வேலையிடங்களுக்கென்றே ஒன்று உண்டு. மாவட்டச் சுகாதார அலுவலகத்தில் விசாரியுங்கள்.

படிக்கட்டில் ஏறச் சொல்கிறார்கள். எங்கள் கட்டடத்தில் படிக்கதவு பின்னால் பூட்டிக்கொள்கிறது. (ஜாலான் அம்பாங்)

அது தீத்தடுப்புக் கதவு, தானாக மூட வேண்டியதே. கட்டை வைத்துத் திறந்து வைக்காதீர்கள், தீ நேரத்தில் புகை படிக்கூண்டுக்குள் புகுந்துவிடும். எந்தெந்த மாடியில் திரும்ப உள்ளே வர முடியும் என்று கட்டட நிர்வாகத்திடம் கேட்டு அறிவிப்பு ஒட்டச் சொல்லுங்கள். ஏறுவதற்குப் படி, இறங்குவதற்கு லிஃப்ட். முட்டியை அதிகம் வருத்துவது இறக்கம்தான். முதல் வாரம் இரண்டு மாடி போதும். நெஞ்சு இறுக்கம் வருபவர் மருத்துவரைப் பார்க்காமல் தொடங்க வேண்டாம்.

ஊழியர்களுக்கு ஜிம் கட்டணம் கட்டலாமா, வேறு எதிலாவது போடலாமா? (பூச்சோங்)

கையில் பணம் கொஞ்சம் என்றால் ஜிம் வேண்டாம். ஒரு குளியலறை, மாற்றுடை மாட்டக் கொக்கி, பூட்டும் அலமாரி, சைக்கிள் கட்ட ஒரு கம்பி இவற்றில் போடுங்கள். நம் வெப்பத்தில் வியர்த்துக்கொண்டு வந்து மேசையில் உட்கார யாருக்கும் மனம் வராது. ஜிம்முக்குத் தாமாகப் போகிறவர்களுக்கு, 2024 மதிப்பீட்டு ஆண்டு முதல் விளையாட்டுச் செலவுக்கு 1,000 வெள்ளி வரை தனி வரிக்கழிவு உண்டு. ரசீது அவர்கள் பெயரில் இருக்க வேண்டும் என்று நினைவுபடுத்துங்கள்.

அலுவலகத்தில் யோகா மாலை ஆறு மணிக்கு. எனக்குப் பிள்ளைகளை அழைத்துவர ஓட வேண்டும். என்னைப் போன்ற தாய்மார்கள் யாரும் போவதில்லை. (செராஸ்)

உங்கள் தப்பில்லை, வகுப்பு வைத்த நேரம் தப்பு. மதியம் ஒன்று முதல் இரண்டு வரையுள்ள இடைவேளையோடு இருபது நிமிடம் கூட்டி, வகுப்பை 12.40-க்கு வைக்கச் சொல்லுங்கள். சாப்பாட்டுக்கு முன் யோகா, பிறகு நிதானமாகச் சாப்பாடு. பெண்களுக்கென்று ஒரு நாளும், கதவு மூடும் அறையும் கேளுங்கள். சேலையிலும் பாஜு குரோங்கிலும் செய்யக்கூடிய நாற்காலிப் பயிற்சியாக இருந்தால் உடை மாற்றும் தொல்லையும் இல்லை.

அது நடக்காவிட்டால் இன்னொரு வழி. 2023 ஜனவரி 1 முதல் வேலைச் சட்டத்தின் 60P பிரிவு, வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தரச் சொல்லி விண்ணப்பிக்கும் உரிமையைத் தருகிறது. கடிதத்தில் மூன்று விவரம் போதும்: இப்போதைய நேரம், நீங்கள் கேட்கும் நேரம், உங்கள் வேலை எப்படித் தடைபடாமல் நடக்கும் என்பது. ‘காலை 8 முதல் மாலை 5 வரை’ என்பதுபோலத் துல்லியமாகக் கேளுங்கள். பொதுவாக ‘நெகிழ்வு வேண்டும்’ என்றால் மறுப்பது எளிது. முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணத்தையும் எழுத வேண்டும்.